வயலின் யாருடையது? இசைக்கு இனம் உண்டா என்ற கேள்விக்கு ஒரு பதில்

"இசை ஏதாவது ஓர் இனத்துக்கோ பண்பாட்டுக்கோ சொந்தமா? வேறு மரபில் பிறந்தவர் அதைக் கையில் எடுக்கலாமா?" என்ற கேள்விக்கு, இசைக்கு எல்லையே கிடையாது என்று ஒரு வரியில் பதில் சொல்லிவிடலாம். அதில் பாதிதான் உண்மை. பிறப்பை வைத்து எந்த இசையும் எவருக்கும் சொந்தமாவதில்லை. கர்நாடக இசை மேடையில் தினமும் உட்கார்ந்திருக்கும் வயலினே அதற்குச் சான்று. ஆனால் ஓர் இசையைத் தலைமுறை தலைமுறையாகக் காத்து, மெருகேற்றி, கற்றுக்கொடுத்து வந்தவர்களுக்கு அதன்மேல் உரிமை உண்டு. பெயர் சொல்லப்படும் உரிமை, உழைப்புக்குக் கூலி பெறும் உரிமை, மேடை கிடைக்கும் உரிமை. இவற்றையும் ரத்தத்தையும் போட்டுக் குழப்புவதால்தான் இந்த விவாதம் நகராமல் நிற்கிறது.

முதலில் வயலினை எடுத்துக்கொள்வோம். இன்று நாம் காணும் வடிவம் 16-ம் நூற்றாண்டில் வட இத்தாலியில், கிரெமோனா, பிரெஷ்யா போன்ற ஊர்களின் பட்டறைகளில் உருவானது. அதையும் முழுக்க இத்தாலியின் சொத்து என்று சொல்ல முடியாது. தந்தியை வில்லால் உரசி ஒலி எழுப்பும் வழக்கம் மத்திய ஆசியாவிலிருந்து அரபு நாடுகள், பைசாந்தியம் வழியாக ஐரோப்பாவுக்குப் போனது. மேல்பலகை ஸ்ப்ரூஸ் மரம், பின்பலகை மேப்பிள் மரம். விரல்பலகைக்கான கருங்காலி ஆப்பிரிக்காவிலும் இலங்கையிலும் தென்னிந்தியாவிலும் வளர்வது. வில்லின் தண்டுக்குப் பிரேசில் நாட்டுப் பெர்னாம்புகோ மரம், அதில் கட்டுவது குதிரை வால் மயிர்.

கோயில் சிற்பங்களில் வில் வாத்தியம் இருக்கிறது, ஆகவே வயலின் ஆதியில் நம்முடையதுதான் என்று நிறுவப் பார்ப்பவர்கள் உண்டு. வில் வாத்தியங்கள் இங்கே இருந்தது உண்மை. அதற்காக வயலினுக்குப் பூர்வீகப் பட்டா தேடவேண்டியதில்லை. அது எப்படி வந்தது என்பது ஓரளவு தெளிவாகவே தெரிந்த செய்தி.

கர்நாடக இசை மும்மூர்த்திகளில் ஒருவரான முத்துசுவாமி தீட்சிதரின் தம்பி பாலுசுவாமி தீட்சிதர். குடும்பம் சென்னையை அடுத்த மணலியில் முதலியார் ஒருவரின் ஆதரவில் இருந்தபோது, அவர் ஏற்பாட்டில் ஓர் ஐரோப்பியரிடம் வயலின் கற்றார். பின்னாளில் எட்டயபுரம் சமஸ்தான வித்வான் ஆனார். அண்ணன் முத்துசுவாமி தீட்சிதர் கோட்டைப் பக்கம் கேட்ட ஐரோப்பிய இசைக்குழு மெட்டுகளுக்கு வடமொழியில் சாகித்தியம் எழுதினார். நோட்டுஸ்வரம் என்று நாம் சொல்லும் அந்தப் பாடல்கள் சுமார் 40. அவற்றில் 'ஸந்ததம் பாஹிமாம்' பிரிட்டிஷ் நாட்டுப்பண்ணின் மெட்டு. சங்கராபரணத்தின் சுரங்களே வரும், ஆனால் கமகம் (சுரத்தை அசைத்தும் வளைத்தும் இழைப்பது) இல்லாமல் நேராக நடக்கும்.

அதே காலத்தில் தஞ்சை நால்வர் எனப்படும் நாட்டிய ஆசான் சகோதரர்களில் இளையவரான வடிவேலு வயலினைக் கச்சேரிக்கும் நாட்டியத்துக்கும் கொண்டுவந்தார். திருவிதாங்கூர் மன்னர் சுவாதித் திருநாள் 1834-ல் அவருக்குத் தந்தத்தால் ஆன வயலின் ஒன்றைப் பரிசளித்தார். ஓர் ஐரோப்பியர் கற்பித்தார். பிராமண வைணிகர் (வீணைக் கலைஞர்) குடும்பம் ஒன்றும் இசை வேளாளர் குடும்பம் ஒன்றும் கற்று வளர்த்தன. முதலியார் ஒருவரும் மலையாள நாட்டு அரசர் ஒருவரும் பணம் போட்டார்கள். இதில் எந்த ஒரு சாதியோ இனமோ "எங்களுடையது" என்று தனியாகக் கை வைக்க முடியாது.

இனி இந்தக் கேள்வியின் நடைமுறைப் பக்கம். வாத்தியம் கப்பலில் வந்தது. இசை அதனுடன் சேர்ந்து வரவில்லை. அந்தப் பெட்டியில் கர்நாடக இசையை எழுப்ப, அதைப் பிடிக்கும் விதம், சுருதி சேர்க்கும் விதம், விரல் வைக்கும் விதம் மூன்றையும் மாற்றவேண்டியிருந்தது.

சுருதி: மேற்கில் நான்கு தந்திகளும் கீழிருந்து மேலாக ஜி, டி, ஏ, ஈ. ஒவ்வொன்றும் முந்தையதற்குப் பஞ்சமம். நாம் ஸ–ப–ஸ–ப என்று வைக்கிறோம். பெண்குரலுக்கு 5 கட்டை (ஜி) என்றால் வேலை எளிது: கீழ் இரண்டு தந்திகளைத் தொடவே வேண்டாம், ஏ தந்தியை ஜி-க்கும் ஈ தந்தியை டி-க்கும் இரண்டிரண்டு அரைச்சுரம் இறக்கினால் போதும். இழுவிசை சுமார் 20 சதவீதம் குறையும். சாதாரணத் தந்தியே தாங்கும்.

2 கட்டைக்கு (டி) இறக்கும்போதுதான் சிக்கல். கீழ் இரண்டும் ஐந்து அரைச்சுரம் இறங்கி, இழுவிசையில் 44 சதவீதத்தை இழக்கும். மேல் இரண்டும் ஏழு அரைச்சுரம் இறங்கும், பாதிக்கு மேல் போய்விடும். தந்தி தொளதொளக்கும். வில்லை அழுத்தினால் சுருதி மேலேறும், அழுத்தாவிட்டால் ஒலியே வராது. கற்பவர்கள் தங்கள் கையைக் குறை சொல்லிக்கொள்வார்கள், குற்றம் தந்தியில் இருக்கும். ஏ இருக்கும் இடத்தில் டி தந்தியையும், ஈ இருக்கும் இடத்தில் ஏ தந்தியையும் கட்டினால் மேல் இரண்டும் இயல்பான இழுவிசைக்கு வந்துவிடும். கீழ் இரண்டுக்கும் வயோலாவின் தடித்த தந்திகள் பொருந்தும். தடித்த தந்தி போடுவதற்கு முன் விரல்பலகைத் தலைப்பில் தந்தி உட்காரும் காடியை அகலப்படுத்த வேண்டும். இல்லையென்றால் தந்தி சிக்கிச் சிக்கி நகரும், பிருடையை (தந்தியை முறுக்கும் முளையை) திருப்பும்போது சுருதி குதிக்கும். குதிரையும் (தந்திகளைத் தாங்கி நிற்கும் மரத்துண்டு) கொஞ்சம் கொஞ்சமாக முன்னால் சாயும். அதை வாரம் ஒருமுறையாவது பார்த்து நிமிர்த்தவேண்டும்.

பிடி: மேற்கத்திய வாசிப்பில் வயலினைத் தாடைக்கும் தோளுக்கும் நடுவே பிடிக்கிறார்கள். இங்கே சப்பணமிட்டு உட்கார்ந்து, வலது காலைச் சற்று முன்னே நீட்டி, வயலினின் தலைச்சுருளை அந்தக் கணுக்காலருகில் ஊன்றி, மறுமுனையை இடது மார்பில் சாய்த்துக்கொள்கிறோம். இரண்டு முனையிலும் தாங்கல் கிடைப்பதால் இடது கைக்கு வாத்தியத்தைச் சுமக்கும் வேலை இல்லை. விரல்பலகை முழுவதும் தடையில்லாமல் ஓட முடிகிறது. ஒரு தந்தியிலேயே ஒரு ஸ்தாயிக்கு மேல் ஜாருவில் (விரலை எடுக்காமல் வழுக்கி) போய்வருவது இதனால்தான் கைகூடுகிறது. தரையில் உட்காரும் பழக்கத்துக்காகப் பிடியை மாற்றியதாக மட்டும் நினைப்பது தவறு. கமகத்துக்கு அந்தப் பிடி இன்றியமையாதது. சிலர் இடது விரல் நுனியில் துளி எண்ணெய் தடவிக்கொள்வார்கள். அந்த எண்ணெய் வில் படும் இடத்துக்கோ வில்லின் மயிருக்கோ போனால் மயிரில் பூசும் ரோசின் என்ற பிசின் பிடிக்காது, மயிரையே மாற்றவேண்டி வரும்.

விரல்: மேற்கத்திய முறையில் ஒவ்வொரு சுரத்துக்கும் ஒரு விரல், நான்கு விரலும் சமமாக உழைக்கும். இங்கே ஆள்காட்டி விரலும் நடுவிரலுமே பெரும்பாலான கமகங்களைச் சுமக்கின்றன. தோடியின் காந்தாரம் நல்ல உதாரணம். ஏட்டில் அது சாதாரண காந்தாரம். வாசிப்பில் அந்த இடத்தில் விரல் நிற்பதே இல்லை. ரிஷபத்தின் பக்கத்திலிருந்து மத்தியமத்தைத் தொடும் அளவுக்கு ஆடி வரும். ஐரோப்பிய முறையில் பயின்று வரும் தேர்ந்த வயலின் கலைஞர்கள் தடுக்கி விழும் முதல் இடம் இதுதான். அவர்கள் கைக்கு விப்ராடோ தானாக வரும். அது ஒரு சுரத்தின் இருபுறமும் மிகக் குறுகலாக, சீராக அதிர்வது. சுரத்தை ஆட்டும் கமகமான கம்பிதம் அப்படி இல்லை. அதற்கு இரண்டு எல்லைகள் உண்டு, எல்லையில் எவ்வளவு நேரம் தங்குவது என்ற கணக்கும் உண்டு, ராகத்துக்கு ராகம் அவை மாறும். விப்ராடோவைப் பெரிதாக்கினால் கம்பிதம் வந்துவிடும் என்று நினைத்து வாசித்தால், தோடி என்று பெயர் சொல்லிய பிறகும் கேட்பவருக்குத் தோடி கேட்காது.

எதிர்த்திசையிலும் இதே கதைதான். கர்நாடக வயலின் பயின்றவர் பாக், மொஸார்ட் போன்ற ஐரோப்பியரின் இசையை எடுத்தால், கை இடம் மாறும்போதெல்லாம் ஜாரு கேட்கும். அங்கே அதை மறைப்பதுதான் திறமை. தோள்பிடியில் இடதுகை விறைத்துக் கழுத்து வலிக்கும். எல்லாவற்றையும் ஒரே ஆதார ஸட்ஜத்தோடு ஒட்டிக் கேட்டுப் பழகிய காதுக்கு, நடுவில் ஆதார சுருதியே நகர்ந்து வேறிடத்தில் உட்காருவது குழப்பமாக இருக்கும்.

இரண்டு பக்கமும் தடை எது என்று பாருங்கள். தோலின் நிறமோ பரம்பரையோ எங்கும் குறுக்கே வரவில்லை. குறுக்கே வருவதெல்லாம் ஏற்கெனவே கையில் ஊறிய பழக்கம். தமிழ்க் குடும்பத்தில் பிறந்து தோடி கேட்காமல் வளர்ந்த பிள்ளைக்கும் அந்தக் காந்தாரம் முதல் நாள் வராது. அமெரிக்கரான ஜான் ஹிக்கின்ஸுக்கு (1939–1984) அது வந்தது. தஞ்சாவூர் விஸ்வநாதனிடம் பாட்டுக் கற்று, சென்னையில் தங்கிப் பயின்று, ஹிக்கின்ஸ் பாகவதர் என்று பெயர் வாங்கினார். ஆந்திரத்தில் பிறந்த இஸ்லாமியரான ஷேக் சின்ன மௌலானா (1924–1999) தஞ்சைப் பாணி நாகஸ்வரத்தைக் கற்று ஸ்ரீரங்கத்தில் குடியேறி வாசித்தார். கிறிஸ்தவரான தஞ்சை ஆபிரகாம் பண்டிதர் 1917-ல் கருணாமிர்த சாகரத்தை வெளியிட்டு, தமிழ் இசையின் பழைய இலக்கணத்தையே விவாதத்தின் நடுவுக்குக் கொண்டுவந்தார்.

ஹார்மோனியத்தின் கதை இன்னொரு விதத்தில் தெளிவு தரும். அதுவும் ஐரோப்பியப் பொருள்தான், பாரிஸில் பிறந்தது. தரையில் உட்கார்ந்து ஒரு கையால் துருத்தி போடும் வடிவம் கல்கத்தாவில் உருவானது. அகில இந்திய வானொலி 1940 மார்ச் முதல் அதைத் தடைசெய்தது. 1971-ல்தான் ஓரளவு தளர்த்தியது. "அந்நிய வாத்தியம்" என்ற குற்றச்சாட்டு அப்போது உரக்கக் கேட்டது. அந்நியம் என்பதே காரணமானால் வயலினும் வெளியேற வேண்டியிருந்திருக்கும். அர்த்தமுள்ள காரணம் ஒன்றுதான்: ஒரு ஸ்தாயியை 1200 சென்ட்டாகப் பிரித்தால் தம்புராவில் இயல்பாக எழும் அந்தர காந்தாரம் 386-ல் இருக்கிறது, சம அளவில் வெட்டிய ஹார்மோனியக் கட்டை 400-ல் நிற்கிறது. 14 சென்ட் வித்தியாசம் பழகிய காதுக்குத் தெரியும். அதைவிடப் பெரிய குறை, ஒரு கட்டையிலிருந்து அடுத்ததற்கு வழுக்கிப் போக வழியே இல்லை. வயலினில் வீணையில் இருப்பது போன்ற மெட்டுக் கட்டைகளே கிடையாது, எந்த இடத்திலும் விரல் நிற்கலாம், எங்கும் வழுக்கலாம். கர்நாடக இசை அதை ஏற்றுக்கொண்டது அதனால்தான். கமகத்தின் பாரம் குறைந்த இடங்களில், கவ்வாலியிலும் நம் இசை நாடக மேடையிலும், ஹார்மோனியம் குறையே இல்லாமல் கோலோச்சியது. ஒரு வாத்தியம் பொருந்துமா என்று கேட்க வேண்டிய முறை இதுதான். எந்த ஊரில் பிறந்தது என்று கேட்டால் பதில் எப்போதும் தப்பாகத்தான் வரும். கத்ரி கோபால்நாத்தின் சாக்ஸபோனையும் உ. ஸ்ரீநிவாஸின் மாண்டலினையும் இந்த வழியில் கேட்டுப் பாருங்கள்.

இதுவரை சொன்னது எளிய பாதி. கடினமான பாதிக்கு அமெரிக்காவின் பாஞ்சோவைப் பார்க்கவேண்டும்.

மேற்கு ஆப்பிரிக்காவில் சுரைக்குடுக்கையில் தோல் போர்த்துத் தந்தி கட்டும் வாத்தியங்கள் பல. செனகல்–காம்பியா பகுதியின் ஜோலா மக்களின் அகோண்டிங் அவற்றில் ஒன்று: மூன்று தந்தி, அதில் ஒன்று மற்றவற்றைவிடக் குட்டை. விரல் நகம் மேலிருந்து கீழாகத் தந்தியை அடிக்கும், கட்டைவிரல் அந்தக் குட்டைத் தந்தியை இடையிடையே தட்டி ஒரே சுரத்தை ஒலிக்கவிடும். அடிமைகளாகக் கொண்டுசெல்லப்பட்டவர்கள் கரீபியன் தீவுகளிலும் வர்ஜீனியாவிலும் இவ்வகை வாத்தியத்தைத் திரும்பச் செய்துகொண்டார்கள். 1840-களில் முகத்தில் கரி பூசிக் கறுப்பர்களைக் கேலி செய்த வெள்ளையர் நாடகக் குழுக்கள் அதை மேடைக்கு எடுத்துப் போயின. தொழிற்சாலைகள் செய்து விற்றன. அடுத்த நூற்றாண்டில் பாஞ்சோ என்றாலே அப்பலாச்சிய மலைநாட்டு வெள்ளையர் வாத்தியம் என்று எல்லோரும் நம்பும் நிலை வந்தது. அந்தக் குட்டைத் தந்தியும், கட்டைவிரல் தட்டும் முறையும் மட்டும் மாறாமல் அப்படியே இருந்தன. 2005-ல் வட கரோலினாவின் பூன் நகரில் கறுப்பினப் பாஞ்சோ கலைஞர்களும் ஆய்வாளர்களும் கூடிய பிறகுதான் இது பலருக்கு மீண்டும் தெரியவந்தது.

வெள்ளையர்கள் பாஞ்சோ வாசித்ததில் குற்றம் ஏதும் இல்லை. அவர்களில் மகத்தான கலைஞர்கள் இருக்கிறார்கள். குற்றம் நடந்தது இரண்டு இடங்களில்: கொடுத்தவர்களைக் கேலிப்பொருளாக்கிக் காசு பார்த்தது ஒன்று, பிறகு அவர்கள் கொடுத்ததையே மறந்தது இன்னொன்று. பாலுசுவாமி தீட்சிதர் வயலின் எடுத்ததோடு இதை ஒப்பிட்டால் வேறுபாடு புரியும். தீட்சிதர் கதையில் எடுத்துக்கொண்டவர் ஆளப்பட்டவர், கொடுத்தவர் ஆள்பவரின் கூட்டத்தைச் சேர்ந்தவர். வயலின் ஐரோப்பாவிலிருந்து வந்தது என்பதை யாரும் மறைக்கவுமில்லை. எடுப்பவர் கை ஓங்கியிருக்கும்போதுதான் "இசை எல்லோருக்கும் பொது" என்ற பேச்சு ஆபத்தாகிறது.

இதைப் பிற நாட்டுக் கதை என்று ஒதுக்கிவிட முடியாது. பறையை எடுத்துக்கொள்ளுங்கள். மரச் சட்டத்தில் தோல் போர்த்தி, மெல்லிய நீண்ட சிந்துக்குச்சியை இடக்கையிலும் தடித்த குட்டையான அடிக்குச்சியை வலக்கையிலும் பிடித்து வாசிப்பது. தோலை வைக்கோல் தீயில் காட்டி முறுக்கேற்ற வேண்டும். போதாமல் காய்ந்தால் ஒலி அமுங்கும், அதிகம் காய்ந்தால் தோல் விளிம்பில் கிழியும். எப்போது தீயை விட்டு எடுப்பது என்பதை விரலால் தட்டிக் கேட்டுத்தான் முடிவு செய்யவேண்டும். மழை நாளில் ஆட்டத்துக்கு நடுவிலேயே மறுபடி காய்ச்சவேண்டி வரும். இந்த அறிவு முழுவதும், சாவு வீட்டில் அடித்தே தீரவேண்டும் என்று கட்டாயப்படுத்தப்பட்ட, அதற்காகவே இழிவுபடுத்தப்பட்ட மக்களிடமிருந்து வந்தது. அந்த இழிவை மறுத்துப் பறையைக் கீழே வைத்த குடும்பங்களும் உண்டு. அதையே விடுதலையின் ஒலியாக்கி மேடையேற்றியவர்களும் உண்டு. இன்று நகரத்து இளைஞர்கள் எல்லாச் சாதியிலிருந்தும் வந்து கற்கிறார்கள். அது நல்லது என்றே நான் உறுதியாக நினைக்கிறேன். ஆனால் ஒரே அடவை ஆடினாலும் அந்த இளைஞருக்குக் கைதட்டலும், பரம்பரைக் கலைஞருக்கு வாசலில் நிற்கவைத்துக் கூலியும் கிடைத்தால், அந்தப் பயிற்சி வகுப்பில் ஏதோ கோளாறு இருக்கிறது. யார் சொல்லிக்கொடுக்கிறார்கள், கட்டணம் யாருக்குப் போகிறது, விழா மேடைக்கு யாரை அழைக்கிறார்கள் என்ற மூன்றையும் பார்த்தால் கோளாறு எங்கே என்று தெரிந்துவிடும்.

ஆக, பிற மரபின் இசையைக் கற்க விரும்புகிறவர் செய்யவேண்டியது என்ன? அனுமதிச் சீட்டு எதுவும் தேவையில்லை. அந்த மரபுக்குள் இருக்கும் ஓர் ஆசிரியர் தேவை, அவருக்கு முறையான கட்டணம் தரவேண்டும். இணையக் காணொளி விரல் எங்கே போகிறது என்று காட்டும். நீங்கள் எங்கே தவறுகிறீர்கள் என்று சொல்லாது. கர்நாடக இசையென்றால் வாத்தியத்தில் வாசிக்கும் முன் பாடவேண்டும். மாயாமாளவகௌளை ராகத்தில் தொடக்கப் பயிற்சியான சரளி வரிசை, மூன்று காலத்திலும், சுருதிப் பெட்டியை அணைக்காமல். ஏற்கெனவே கச்சேரி அளவுக்கு வாசிப்பவர்கள் இதைத் தாண்டிக் குதித்து நேராகக் கீர்த்தனைக்குப் போகத் துடிப்பார்கள்; பின்னால் வர்ணத்தில் வந்து மாட்டிக்கொள்வார்கள். பாடலின் மொழியில் எங்கே சொல் பிரிகிறது என்று கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். வில் எங்கே திரும்புகிறது என்பது அதைப் பொறுத்தது, சொல்லின் நடுவே வில்லைத் திருப்பினால் பாட்டுத் தெரிந்தவர் உடனே கண்டுபிடித்துவிடுவார்.

பதிவு செய்து வெளியிடும்போது பணத்தின் கேள்வி வரும். தியாகராஜர் (1767–1847) கீர்த்தனைகளுக்கு யாரும் பதிப்புரிமை கோர முடியாது; 1957-ம் ஆண்டின் இந்தியப் பதிப்புரிமைச் சட்டப்படி, இசையமைத்தவர் இறந்து 60 ஆண்டுகளுக்குப் பின் அவர் படைப்பு பொதுவாகிவிடும். ஆனால் ஒருவர் அதைப் பாடிய ஒலிப்பதிவு தனிச் சொத்து. நாட்டுப்புறப் பாடலில்தான் ஓட்டை பெரிது. ஆக்கியவர் பெயர் தெரியாததால் சட்டம் அங்கே ஏறத்தாழ மௌனமாகிவிடுகிறது. முதலில் பதிவு செய்பவர் தன் பெயரைப் போட்டுக்கொள்கிறார்.

ஆக்கியவர் பெயர் தெரிந்திருந்தும் அநியாயம் நடக்கும் என்பதற்குத் தென்னாப்பிரிக்காவின் சாலமன் லிண்டா சாட்சி. சூலு இனத்தவரான அவர் 1939-ல் ஜோகன்னஸ்பர்க்கில் 'ம்பூபே' என்ற பாடலைப் பதிவு செய்து, உரிமையைப் பத்து ஷில்லிங்குக்கு விட்டுக்கொடுத்தார். அதன் மெட்டில் எழுந்த ஆங்கிலப் பாடல் உலகெங்கும் ஓடிப் பெரும் பணம் குவித்தது. லிண்டா 1962-ல் வறுமையில் இறந்தார். அவருடைய மகள்களுக்கு உரிய பங்கு 2006-ல் ஏற்பட்ட உடன்படிக்கையில்தான் உறுதியானது.

ஆகவே ஒரு கிராமத்துப் பாடகரிடம் பாட்டுக் கற்றுப் பதிவு செய்கிறீர்கள் என்றால், "மரபுப் பாடல்" என்ற இரண்டு சொல்லோடு நிறுத்தாதீர்கள். பாடியவர் பெயர், ஊர், அவருக்குக் கற்றுக்கொடுத்தவர் பெயர் மூன்றையும் அவர் சம்மதத்தோடு எழுதுங்கள். பதிவுக்கான தொகையை முன்பணமாகக் கொடுங்கள். பிற்காலத்தில் வரும் வருவாயில் எத்தனை சதவீதம் அவருக்கு என்று தமிழில் எழுதி, வாசித்துக்காட்டி, இருவரும் கையெழுத்திட்டு ஒரு படி அவரிடம் இருக்கட்டும். இதை ஒலிப்பதிவுக் கருவியை இயக்குவதற்கு முன் செய்யவேண்டும். பாட்டு பிரபலமான பிறகு இந்தப் பேச்சை எடுத்தால் எந்தத் தரப்புக்கும் நியாயமாகப் பேச மனம் வருவதில்லை.